நிதானம் ஓட்டிய கல்வண்டி

என் அக்காவின் கணவரை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நிதானம் என்பார்கள். நடையில் நிதானம், சாப்பாட்டில் நிதானம். ஒரு கேள்வி கேட்டால் அவர் வாயைத் திறப்பதற்குள் கேட்டவர் வேறு பேச்சுக்குத் தாவியிருப்பார். "வீடு தீப்பிடிச்சிருச்சுன்னு சொன்னாக்கூட, எந்தப் பக்கம்னு கேட்டுட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கிட்டுத்தான் உங்க மாமா எந்திரிப்பாரு" என்று அக்கா எங்களிடம் குறை சொல்வாள். சொல்லும்போதே சிரிப்பாள். அதனால் அது குறை மாதிரி இருக்காது.

அந்த நிதானத்தை நம்பித்தான் கல்வண்டியை அவரிடம் கொடுத்திருந்தார்கள். இரும்புக்கல் ஏற்றிய வேகன்கள் கண்ணுக்கெட்டிய தூரம் பின்னால் வரும். அவ்வளவு பாரத்தையும் மலைச்சரிவில் பிடித்துப் பிடித்து இறக்க வேண்டும். அவசரக்காரன் கையில் கொடுத்தால் வண்டி அவனை ஓட்டிக்கொண்டு போய்விடும். மாமாவிடம் அது சொன்ன பேச்சைக் கேட்கும்.

மலையில் வெட்டிய கல்லைத் துறைமுகத்தில் கப்பலேற்றுவதற்காக வெள்ளைக்காரன் போட்ட பாதை அது. வேறு எதற்காகவும் போடவில்லை. வரைபடத்தில் பார்த்தால் மலையில் தொடங்கிக் கடலில் போய் முட்டி நிற்கும் ஒரே கோடு. வழியில் எந்த ஊரையும் எட்டிப் பார்க்காது, எந்தப் பக்கமும் கிளை பிரியாது. எங்கள் ஊரில் ஸ்டேஷன் வைத்ததுகூட என்ஜின் தண்ணீர் பிடிப்பதற்காகத்தான். ஆற்றுக்கு அக்கரையில் உள்ள நாட்டிலும் இதே மாதிரி ஒரு பாதை உண்டு. அதைப் போட்டவன் வேறொரு வெள்ளைக்காரன். அவன் தண்டவாளத்தின் அகலம் வேறு, இவனுடையது வேறு. பாலமே கட்டினாலும் இரண்டையும் சேர்க்க முடியாது. அக்கரையில் வாழ்க்கைப்பட்ட எங்கள் அத்தையைப் பார்க்க நாங்கள் படகில்தான் போய்க்கொண்டிருந்தோம். எங்கள் ஊர்க் கல் மட்டும் கடல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

சுதந்திரம் வந்தது. கொடி மாறியது, ஸ்டேஷன் பலகையில் எழுத்து மாறியது, என்ஜினில் நம் ஆட்கள் உட்கார்ந்தார்கள். கல் மட்டும் பழையபடி அதே பக்கமாகத்தான் போனது. புது அரசாங்கம் செய்த ஒரே நல்ல காரியம், கல்வண்டியின் வாலில் பயணிகளுக்காக இரண்டு பெட்டிகளை மாட்டியது. 'பின்பெட்டி' என்று அதற்குப் பெயர். மர இருக்கை, ஜன்னலுக்குக் கதவு கிடையாது, போய் இறங்கும்போது தலைமுடி முதல் கால் நகம் வரை செந்தூசி. ஆனாலும் அது வந்த பிறகுதான் எங்கள் ஊருக்குக் கைகால் முளைத்தது. அக்கா கூடை கூடையாய்க் காய்கறி கொண்டுபோய்த் துறைமுகச் சந்தையில் விற்றாள். பெரிய படிப்புப் படிக்கிற பிள்ளைகள் போனார்கள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றே ஒன்றுதான். வெள்ளைக்காரன் தனக்காகக் கட்டிக்கொண்டது, துறைமுகத்தில் இருந்தது. நோயாளிகள் அதற்குப் போனார்கள். எங்கள் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்தது நான்தான்.

ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு தையல்காரர் கடை வைத்திருந்தார். மாமாவின் சேக்காளி. மாமாவின் சீருடை முழுக்க அவர் தைத்ததுதான். மாமா பேசாத பேச்சையெல்லாம் சேர்த்து அவர் பேசுவார். ஊசி முறிந்தால் அதை எல்லாருக்கும் தூக்கிக் காட்டுவார். "இது நம்ம மலையில பொறந்ததுய்யா. வெளிநாட்டுக்குப் போய்ப் படிச்சிட்டு வந்திருக்கு. அதான் இந்த விலை, இந்தத் திமிரு." அக்கா புதுச் சட்டி வாங்கி வந்தால் அதையும் விடமாட்டார். "நம்ம மண்ணுதான்மா. குளிச்சு, பவுடர் பூசிக்கிட்டுத் திரும்பி வந்திருக்கு. நமக்குத்தான் அடையாளம் தெரியல." நாங்கள் சிரிப்போம். மாமா சற்று நேரம் கழித்துச் சிரிப்பார்.

கல்லுக்கு விலை சொல்கிறவன் வாங்குகிறவன்தான். அந்த விலை ஒரு வருடம் பாதியாக விழுந்தது. அரசாங்கம் கையைப் பிசைந்தது, கடன் வாங்கியது, அந்தக் கடனுக்கு வட்டி கட்ட இன்னொரு கடன் வாங்கியது. கொடுத்தவர்கள் ஒருநாள் ஆட்களை அனுப்பிக் கணக்குப் பார்க்கச் சொன்னார்கள். வந்தவர்கள் எங்கள் ஸ்டேஷனுக்கும் வந்தார்கள். நல்ல மனிதர்கள்தான், என்னிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டு வாங்கினார்கள், பாட்டிலைப் பார்த்துவிட்டுக் குடிக்காமல் வைத்தார்கள். அவர்கள் போன பிறகு, ரயில்வே முழுவதையும் ஒரு கம்பெனிக்குக் குத்தகைக்கு விடுவதாக அறிவிப்பு வந்தது. கம்பெனியின் தலைமை அலுவலகம் எங்களை முன்பு ஆண்ட அதே நாட்டின் அதே தலைநகரத்தில் இருந்தது. பின்பெட்டி நஷ்டத்தில் ஓடுகிறது, கழற்ற வேண்டும் என்று ஒரு நிபந்தனை.

அதைச் சொல்வதற்குக் கம்பெனியின் மேலாளர் எங்கள் பிளாட்பாரத்துக்கே வந்தார். நம் ஊர்ப் பிள்ளைதான், அங்கே போய்ப் படித்தவர். வயது குறைவு. மரியாதையாகத்தான் பேசினார்.

"பெட்டியை எடுத்துட்டா நாங்க எதுல போறது?" என்று அக்கா கேட்டாள்.

"ரோடு வருதும்மா. அதுக்குத் தனியாக் கடன் சாங்ஷன் ஆகியிருக்கு."

"ரோடு வந்தப்புறம் பெட்டியை எடுக்கலாம்ல?"

மேலாளர் கொஞ்சம் யோசித்தார். "நியாயமாத்தான் கேக்கறீங்க. ஆனா அது என் கையில இல்ல" என்றார்.

"கல்லுக்கு மட்டும் வண்டி, காலுக்கு இல்லையா?" என்று கூட்டத்தின் பின்னாலிருந்து தையல்காரர் குரல் கொடுத்தார். மேலாளரும் சிரித்துவிட்டார். ஆனாலும் பெட்டி போய்விட்டது. டிக்கெட் ஜன்னலுக்குப் பலகை அடித்தார்கள், என்னையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். மாமாவை வைத்துக்கொண்டார்கள். புது என்ஜின் வந்தது, புதுச் சீருடையும் தைத்தே வந்தது. தையல்காரருக்கு அந்த வருமானமும் போயிற்று. மாமாவுக்கு வந்த உத்தரவு ஒன்றுதான்: மலையில் எடுத்தால் துறைமுகத்தில்தான் நிறுத்த வேண்டும்.

ரோடு வரவில்லை. மண்ணைக் கொட்டினார்கள். முதல் மழையில் அது சேறானது, இரண்டாம் மழையில் லாரிகள் அச்சு முறிந்து அதில் நின்றன. அக்காவின் கீரையும் காயும் வீட்டில் கிடந்து அழுகின. துறைமுகச் சந்தையில், கப்பலில் வந்த காய்களை அடுக்கி விற்கத் தொடங்கியிருந்தார்கள்.

யார் முதலில் ஏறியது என்று தெரியவில்லை. எங்கள் ஊர்ப் பிளாட்பாரத்தை ஒட்டிப் பாதை வளைவதால் அங்கே எந்த வண்டியும் சற்று வேகம் குறையும். வேகனின் ஓரத்தில் ஏணிக்கம்பி இருக்கும். அதைப் பிடித்துத் தொற்றி ஏறிக் கல்குவியல் மேல் உட்கார்ந்துகொள்வது. முதலில் வாலிபப் பிள்ளைகள் ஏறினார்கள். பிறகு ஆண்கள். பிறகு அக்காவும் அவளோடு சேர்ந்த பெண்களும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏற ஆரம்பித்தார்கள். கூடைகளைக் கீழிருந்து தூக்கிக் கொடுப்பது என் வேலை. வேலை இல்லாதவனுக்கு அது ஒரு வேலை.

ஒருநாள் சாப்பிடும்போது அக்கா முழங்கையை மாமாவுக்குக் காட்டினாள். தோல் வழன்று ரத்தம் கட்டியிருந்தது.

"வழுக்கிருச்சு. கூடை தப்பிச்சுது, நான் தப்பிச்சேன்."

மாமா கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"உங்களை நிறுத்தச் சொல்லலைங்க. நிறுத்தக் கூடாதுன்னுதானே சொல்லியிருக்காங்க? மெதுவாப் போகக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்களா?"

மாமா வெகுநேரம் யோசித்தார். சோறு காய்ந்துபோனது. "அப்படிச் சொல்லல" என்றார் கடைசியில்.

அன்றிலிருந்து அவர் வண்டி வளைவுக்கு வரும்போது ஆள் நடக்கிற வேகத்துக்கு இறங்கிவிடும். வளைவுக்கு முன்பே ஹாரன் அடிப்பார், ஒரு நீளம், இரண்டு குட்டை. மற்ற டிரைவர்கள் அப்படி அடிப்பதில்லை. அந்தச் சத்தம் கேட்டால் ஊரே கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்திருக்கும். வயதானவர்கள் மற்ற வண்டிகளை விட்டுவிட்டு அவர் வண்டிக்காகவே காத்திருந்தார்கள். காதும் காதும் வைத்தாற்போல் இது இரண்டு மூன்று மழைக்காலம் நடந்தது.

என்ஜினுக்குள் வேகத்தைப் பதிவு செய்யும் கருவி ஒன்று இருந்ததை நாங்கள் யோசிக்கவில்லை. மேலாளர் மாமாவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"அந்த வளைவுல மட்டும் உங்க வண்டி ஏன் நொண்டுது?"

"பழைய தண்டவாளம் சார். பாரம் அதிகம்."

"மத்தவங்களுக்கும் அதே தண்டவாளம்தானே?" மேலாளர் குரலைத் தாழ்த்தினார். "எனக்குத் தெரியும். எங்க அம்மாவும் பின்பெட்டியில போனவங்கதான். ஆனா அங்க கப்பல் காத்துக்கிட்டு நிக்குது. கப்பல் நின்னா அபராதம். அங்கேருந்து என்னைக் கேக்கறாங்க. நான் உங்களைத்தான் கேக்க முடியும்."

மாமா தலையாட்டிவிட்டு வந்தார். வளைவில் மறுபடியும் மெதுவாகத்தான் போனார்.

தையல்காரருக்கு அப்போது இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. ஊசியில் நூல் கோக்க அவர் மனைவியைக் கூப்பிட வேண்டியிருந்தது. பிறகு துணியின் நிறமும் பிடிபடாமல் போயிற்று. துறைமுக ஆஸ்பத்திரியில் அறுத்து எடுக்க நாள் கொடுத்திருந்தார்கள். அந்த நாளை விட்டால் அடுத்தது எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. அங்கேயிருந்த கண் டாக்டரும் கடல் தாண்டிப் போகப் போவதாகப் பேச்சு. "கல்லு போற இடத்துக்குத்தான் டாக்டரும் போவாரு. நாம வேகன்ல ஏறிப் போய் வழியில பிடிச்சிருவோம்" என்று தையல்காரர் சொன்னார்.

அன்று மழை பிடித்துக்கொண்டு பெய்தது. லாரி எதுவும் நகரவில்லை. பிளாட்பாரத்தில் நல்ல கூட்டம். தையல்காரர் துவைத்த சட்டை போட்டு, துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். மனைவி கூட வருவதாகச் சொன்னதற்கு, "நீ வேற எதுக்கு நனையணும்? நிதானம் வண்டிதான், எனக்கு வீட்டுப் படி ஏறுற மாதிரி" என்று தடுத்துவிட்டார். அவரை ஏற்றிவிடும்படி அந்த அம்மா என்னிடம் சொல்லிவிட்டு, சற்று தள்ளிக் கொட்டகையின் கீழே நின்றார்.

மலையில் அன்று மேலாளரும் என்ஜினில் ஏறிக்கொண்டதோ, மாமாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததோ எங்களுக்கு எப்படித் தெரியும்?

மாமா பிற்பாடு என்னிடம் சொன்னதை வைத்துச் சொல்கிறேன். வளைவு வருவதற்கு முன் மாமாவின் கை தானாகவே பிரேக்குக்குப் போனது. மேலாளர் அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தார். அழுத்தவில்லை, சும்மா வைத்தார். "வேண்டாம், டிரைவர். இன்னைக்கு ஒருநாள் வேகமாப் போனீங்கன்னா அவங்களே புரிஞ்சுக்குவாங்க. ஹாரன் அடிங்க, ஒதுங்கிக்குவாங்க." மாமா கூட்டத்தைப் பார்த்தார். கண் இருக்கிறவர்கள், வண்டி வரும் வேகத்தைப் பார்த்து நகர்ந்துவிடுவார்கள் என்று நினைத்தார். ஹாரனை அடித்தார். வேறு விதமாக அடிக்க வேண்டும் என்று தோன்றவில்லை. கை பழகிய மாதிரியே அடித்தது. ஒரு நீளம், இரண்டு குட்டை.

அந்தச் சத்தம் கேட்டதும் நாங்கள் எல்லாரும் எழுந்தோம். மழைத்திரைக்குள்ளிருந்து என்ஜின் வந்த வேகத்தைப் பார்த்தவுடனேயே எல்லாரும் பின்வாங்கினோம். அக்கா கூடையைக் கீழே போட்டாள். தக்காளி உருண்டு ஓடியது. நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். இழுத்துக்கொண்டே தையல்காரரைத் தேடினேன்.

அவர் முன்னால் போயிருந்தார். "வந்துட்டான்யா, ஏறுங்க" என்று யாரிடமோ சிரித்த முகத்தோடு சொன்னபடி, வழக்கமாக ஏணிக்கம்பி வருகிற உயரத்துக்குக் கையை நீட்டினார். நான் கத்தினேன். வண்டிச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பாரம் ஏற்றிய கல்வண்டியை நினைத்த இடத்தில் நிறுத்திவிட முடியாது. ஊரைத் தாண்டி வெகுதூரம் போய்த்தான் அது நின்றது. அங்கிருந்து தண்டவாளத்தோடு மாமா ஓடி வந்தார். அவர் ஓடி நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான். தையல்காரரின் மனைவி அப்போது பைக்குள்ளிருந்து சிதறிய துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்துக்கொண்டிருந்தார். உடம்பை நாங்கள் மூடியிருந்தோம்.

ஊர் சும்மா இருக்கவில்லை. தண்டவாளத்தின் மேல் போய் உட்கார்ந்தது. அமைச்சர் வந்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், பின்பெட்டியை மறுபடி மாட்டச் சொல்லி அங்கேயே உத்தரவு போட்டார். பெட்டி ஒன்று வரவும் வந்தது. பெயிண்ட் அடித்து, ஜன்னலுக்குக் கதவு வைத்து வந்தது. அது ஒரு மாதம்கூட ஓடவில்லை. ஒப்பந்தப்படி வண்டியை வழியில் நிறுத்தினால் ஆகும் நஷ்டத்தை அரசாங்கம் தர வேண்டும், இல்லாவிட்டால் தங்கள் நாட்டு நடுவர் மன்றத்தில் பார்த்துக்கொள்வோம் என்று கம்பெனி சொல்லியிருந்தது. அமைச்சர் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வரவில்லை. பெட்டியைக் கழற்றிக் கொண்டுபோய்விட்டார்கள்.

அதற்குள் விசாரணை நடந்தது. கம்பெனி அலுவலகத்தில்தான். மாமாவோடு நானும் போய் வெளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தே இருந்தது.

மேலாளர் வாக்குமூலத்தை ஏற்கெனவே தட்டச்சு செய்து வைத்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன, அவரும் தூங்கியிருக்க மாட்டார். "விதிப்படி ஹாரன் அடிச்சீங்க. அத்துமீறி உள்ள வந்தவர் அதை மதிக்கல. அவ்வளவுதான் இதுல இருக்கு. கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா உங்க மேல ஒரு தப்பும் இல்ல" என்றார்.

மாமா அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு மேஜைமேல் வைத்தார்.

"அந்த ஹாரன் ஒதுங்கச் சொல்ற ஹாரன் இல்ல சார். ஏறச் சொல்ற ஹாரன்."

"டிரைவர்..."

"நான் அந்த இடத்துல எப்பவும் மெதுவாத்தான் போவேன். வருஷக்கணக்கா. அன்னைக்கு மட்டும் போகல. அதையும் எழுதுங்க."

"இதனால உங்களுக்கு என்ன லாபம்? வேலை போயிரும். பென்ஷன் போயிரும். தெரியுமா?"

"லாபம் இல்ல சார்." மாமா வார்த்தையைத் தேடினார். "அவர் ஹாரனை மதிக்கலன்னு இதுல இருக்கு. மதிச்சுத்தான் வந்தாரு."

மேலாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தன் கையை மாமாவின் கைமேல் வைத்ததை அவர் எந்தத் தாளிலும் எழுதவில்லை. மாமாவும் அதைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நான் சண்டை போட்டபோது, "கை அவரோடது. பிரேக் என்னோடது" என்றார்.

வேலை போயிற்று. வேண்டுமென்றே விதியை மீறியவர் என்று கம்பெனி எழுதியதால் பென்ஷன் இல்லை என்றானது. அதற்கு முன்பு அரசாங்கத்துக்கு உழைத்த காலத்துக்காவது ஏதாவது தரக் கூடாதா என்று கேட்டுப் போனோம். நீங்கள் கம்பெனி ஆள், கம்பெனியைக் கேளுங்கள் என்று கைகழுவிவிட்டார்கள்.

ஆனாலும் மாமா சொன்ன வாக்குமூலத்தை வைத்துத் தையல்காரர் குடும்பத்துக்கு நஷ்டஈடு வாங்கிவிடலாம் என்று எனக்கு நம்பிக்கை இருந்தது. நகரத்தில் ஒரு வக்கீலைப் பிடித்தேன். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு சின்ன அறை. மாமா, நான், தையல்காரரின் மனைவி மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வக்கீல் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"நல்ல கேஸ்" என்றார். "டிரைவரே ஒத்துக்கிட்டிருக்கார். இதைவிட என்ன வேணும்? ஆனா இங்க போட முடியாது."

"ஏன் சார்?"

"கம்பெனி மேல வழக்குன்னா அவங்க ஊர் கோர்ட்டுலதான் போடணும். நம்ம கோர்ட்டு அவங்களைத் தொட முடியாது. ஒப்பந்தத்துல அப்படித்தான் இருக்கு."

தையல்காரரின் மனைவி, "எங்க வீட்டுக்காரர் செத்தது இங்கதானே?" என்று கேட்டார்.

"இங்கதாம்மா."

"அப்புறம் அங்க எதுக்குப் போகணும்?"

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அங்கே போக விசா வேண்டும், அங்கே ஒரு வக்கீல் வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்து, எங்கள் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திவிட்டார். எங்களிடம் ஃபீஸ் வாங்கவில்லை. படி இறங்கும்வரை கூடவே வந்தார்.

லாரி நிற்கும் இடத்துக்குப் போக டவுன் பஸ்ஸுக்காக நிற்கும்போது மாமா அந்த அம்மாவிடம் பேசினார். நடந்ததற்குப் பிறகு அவர்கள் இருவரும் நேரே பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"நான் அன்னைக்கு பிரேக்கைப் பிடிச்சிருக்கணும்மா."

அந்த அம்மா ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீங்களும் மத்தவங்களை மாதிரி எப்பவும் வேகமாவே போயிருந்தா, அவர் அந்த இடத்துல போய் நின்னிருக்கவே மாட்டாருண்ணே. உங்களை நம்பித்தான் நின்னாரு."

பஸ் வந்துவிட்டது.

அன்றைக்கு மாமா இழந்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். வேலையும் பென்ஷனும் போனபோதுகூட அவர் நிமிர்ந்துதான் இருந்தார். மெதுவாகப் போனதாவது நல்ல காரியம் என்று ஒரு பிடி இருந்தது. அதையும் அந்த அம்மா, தான் என்ன செய்கிறோம் என்றே தெரியாமல், பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் சொன்னது பொய்யும் இல்லை.

சில மாதங்களில் அவர் துறைமுகத்தில் இருக்கும் தம்பி வீட்டுக்குக் குடிபோனார். தையல் மிஷினைத் தூக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். மாமாவும் நானும் போனோம். மிஷினை லாரியில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினோம். முடிச்சுச் சரியாக இருக்கிறதா என்று மாமா இழுத்து இழுத்துப் பார்த்தார். லாரி டிரைவர் ஹாரன் அடித்து அவசரப்படுத்தினான். "போதும்ணே, இறங்குங்க. வண்டி கிளம்புது" என்றார் அந்த அம்மா. மாமா இறங்கினார். லாரி சேற்றில் வழுக்கி வழுக்கிப் போய் மறைந்தது.

அக்கா வியாபாரத்தை விடவில்லை. வேகனில் இப்போது யாரும் ஏறுவதில்லை; வளைவில் கம்பெனி முள்வேலி போட்டுவிட்டது. அதற்கான கம்பியும் கப்பலில்தான் வந்தது. அதைச் சொல்லிச் சிரிக்க வைக்கத் தையல்காரர் இல்லை. லாரிக்காரன் கேட்டதைக் கொடுத்து, கிடைத்த இடத்தில் கூடையோடு ஒடுங்கி உட்கார்ந்து அக்கா போகிறாள். மாமா கூடப் போகிறார். சந்தையில் காய்களுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருப்பார். ஆள் ரொம்ப இளைத்துவிட்டார். யாராவது தெரிந்தவர்கள் "என்ன நிதானம், சௌக்கியமா?" என்று கேட்டால் தலையாட்டுவார். அந்தப் பெயர் தனக்குப் பிடிக்கவில்லை என்று அக்காவிடம் ஒருமுறை சொன்னாராம். ஊரில் யாரிடம் போய் அதைச் சொல்வது? அக்கா மட்டும் அந்தப் பெயரைச் சொல்வதை நிறுத்திக்கொண்டாள். செருப்பைத் தேடுகிற கதையையும் அவள் இப்போது சொல்வதில்லை.

போன வாரம் குத்தகையை நீட்டித்துவிட்டதாகச் செய்தியில் சொன்னார்கள். எங்கள் பேரப்பிள்ளைகள் காலம்வரை அந்தப் பாதை கம்பெனிக்குத்தான். நான் அதைச் சொல்வதற்காக அக்கா வீட்டுக்குப் போனேன். இருவரும் தரையில் உட்கார்ந்து அவரைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். புழு விழுந்ததைத் தனியே போட்டுக்கொண்டிருந்தார் மாமா.

"மறுபடியும் அவங்களுக்கே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்களாம்" என்றேன்.

அக்கா தலைநிமிர்ந்து மாமாவைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நல்ல குவியலில் போட்டார்.

"பின்பெட்டியைப் பத்தி ஏதாவது பேச்சு உண்டாமா, மாப்ளே?" என்று கேட்டார்.

"இல்ல மாமா."

"ம்" என்றார். சாக்கை இழுத்து வாயைக் கட்ட ஆரம்பித்தார். "மழை வர்ற மாதிரி இருக்கு. நீ அந்தப் பக்கம் பிடி. லாரி போயிரும்."